சண்டையே போடாமல் முறிந்த நட்பு

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’ படத்தை விடுதியில் நண்பர்களோடு பார்த்தேன். நட்பு வேண்டாம் என்றால் பேசாமல் இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே, தன் விரலையே ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும்? இருவரில் யார் மேல் தப்பு? நகைச்சுவைப் படம் என்கிறார்களே, எங்கே சிரிப்பது? கடைசியில் ராசியானார்களா இல்லையா?"

படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

தம்பி, யார் மேல் தப்பு என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் விரல் விஷயமும் விளங்கிவிடும்.

மார்ட்டின் மெக்டொனா எழுதி இயக்கி 2022-இல் வந்த படம். கதை 1923 ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இனிஷெரின் என்று ஒரு தீவு. கற்பனைத் தீவுதான், இனிஷ்மோர், அக்கில் என்ற நிஜத் தீவுகளில் எடுத்தார்கள். பாத்ரிக் (காலின் ஃபாரல்) மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். உடன்பிறந்தவள் ஷிவானோடு இருக்கிறான். தினமும் மதியம் 2 மணிக்கு கோல்ம் (பிரெண்டன் க்ளீசன்) வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு மதுக்கடைக்குப் போவது வழக்கம். அன்றைக்கும் போய்க் கூப்பிடுகிறான். கோல்ம் உள்ளே புகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் விடாமல் கேட்டதற்கு, எனக்கு இப்போது உன்னைப் பிடிக்கவில்லை என்கிறான். காரணம் அவ்வளவுதான்.

கோல்மின் ஆசையில் நான் குறை காண மாட்டேன். வயசாகிவிட்டது. ஃபிடில் வாசிப்பவன். இருக்கிற காலத்தில் நல்லதாக நாலு மெட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறான். பாத்ரிக்கோ ஒருநாள் இரண்டு மணி நேரம் விட்டையைப் பற்றியே பேசியிருக்கிறான். கழுதை விட்டையில் என்ன கிடந்தது என்று இரண்டு மணி நேரம் பேசினாயே என்று கோல்ம் கேட்க, அது கழுதையுடையது இல்லை, குதிரையுடையது, நீ கேட்ட லட்சணம் அவ்வளவுதான் என்று இவன் திருத்துகிறான். மிச்சமிருக்கிற காலத்தை ஒரு மனுஷன் தனக்கென்று வைத்துக்கொள்ள நினைப்பது நியாயம்தான். ஆனால் சண்டையே போடாமல் முறிக்கிறானே, அங்கேதான் தப்பு.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது உடனே புரிய வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் இல்லாத தெரு கிடையாது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எங்கள் ஊரிலும் அப்படி இருவர் இருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே சேக்காளிகள். பிசானச் சாகுபடி சமயத்தில் ஒரு ராத்திரி, யார் முறைத் தண்ணீரை யார் திருப்பியது என்று மடையில் வாய்த் தகராறு. "இனிமே உன் சங்காத்தமே வேண்டாம்லே" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஆனால் ஆற்றுக்குப் போவதை இருவரும் விடவில்லை. ஒரே படித்துறை. ஒருவர் குளித்து முடித்து, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மேலேறி வரும்வரை மற்றவர் அரசமரத்து மூட்டில் வேப்பங்குச்சியை மென்றபடி நிற்பார். டீக்கடையில் ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவருக்கு வெளி பெஞ்சு. படித்து முடித்த பேப்பரைக் கடைக்காரர் கையில் கொடுப்பார், கடைக்காரர் கொண்டுபோய் மற்றவரிடம் கொடுப்பார்.

முதலாமவருடைய அம்மா இறந்தபோது துட்டி வீட்டுக்கு வந்த முதல் ஆட்களில் இரண்டாமவரும் ஒருவர். பாடைக்குத் தோள் கொடுத்தார், சுடுகாடு வரை போனார், காரியம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும் என்பது இங்கே எழுதாத சட்டம். பிறகு ஒரு கோயில் கொடைக்கு வரி பேசிய கூட்டத்தில், "போதும் அண்ணாச்சி, ரெண்டு பேரும் கையக் குடுங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் அவர்களைப் பேச வைத்தார்கள். தகராறு எதைப் பற்றி என்று ஊருக்கே தெரியும். மடை, தண்ணீர், முறை. காரணம் என்று ஒன்று இருந்தால் பஞ்சாயத்துப் பேசலாம். தப்பு யாருடையது என்று பார்க்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

பாத்ரிக்குக்கு அந்த வழியே கிடையாது. நான் ஏதும் செய்தேனா, குடித்துவிட்டு ஏதும் சொல்லிவிட்டேனா என்று அவன் கேட்பது இதனால்தான். சொல்லியிருந்தால் நிம்மதி, மன்னிப்புக் கேட்டுவிடுவான். அவன் செய்த குற்றம் அவன் அவனாக இருந்ததுதான் என்றால் அதற்கு யார் வந்து மத்தியஸ்தம் பண்ணுவது? மதுக்கடைக்காரர் கேட்டுப் பார்க்கிறார், பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாதிரியார் கேட்டுப் பார்க்கிறார். ஷிவான் நேராகவே போய், அவன் என்றைக்கும் இப்படித்தானே இருந்தான், இப்போது என்ன மாறிவிட்டது என்று கேட்கிறாள். நான் மாறிவிட்டேன் என்கிறான் கோல்ம். அயர்லாந்துக்கு அப்பால் ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன எதிர்பார்க்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்க, மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான் என்கிறான் அவன்.

பெரிய ஊர் என்றால் வேறு கடைக்குப் போகலாம், வேறு தெருவில் நடக்கலாம். தீவில் ஒரே கடை, ஒரே பாதை. பேசாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்றீர்களே, தினமும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க இரண்டு பேரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். எங்கள் ஊர் இருவரும் அப்படித்தான் சொல்லாமலே சம்மதித்திருந்தார்கள். பாத்ரிக்கால் சம்மதிக்க முடியவில்லை, ஏன் என்றே அவனுக்குத் தெரியாதே.

இப்போது விரலுக்கு வருவோம். இனி நீ என்னைத் தொந்தரவு பண்ணும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலை வெட்டி உன்னிடம் தருவேன் என்கிறான் கோல்ம். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த மிரட்டல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உன்னை அடிப்பேன் என்று சொல்லியிருந்தால் பாத்ரிக் இரண்டு அடி வாங்கிக்கொண்டு மறுநாளும் வந்து நின்றிருப்பான். எனக்கே வலி உண்டாக்கிக்கொள்வேன் என்கிறான். தன்மேல் பாசம் உள்ளவனிடம் மட்டுமே செல்லுபடியாகிற மிரட்டல் இது. அவன் தன்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறான் என்பது தெரிந்தே, அந்தப் பிரியத்தையே கோல்ம் பிடித்து முறுக்குகிறான். படத்தில் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுவது இதுதான். ரத்தம்கூட அடுத்ததுதான்.

இதில் அயர்லாந்து மண்ணின் வாசனையும் உண்டு. அந்த நாட்டின் பழைய சட்டமுறையில், பெரிய மனிதனிடம் நியாயம் கிடைக்காதவன் அவன் வீட்டு வாசலில் போய்ப் பட்டினி கிடப்பதற்கு இடம் இருந்தது. கடன் திரும்பி வராதவர்கள் கடன் வாங்கியவன் வாசலில் பட்டினி கிடப்பது நம் நாட்டிலும் இருந்த வழக்கம். 1920-இல் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். படத்தின் கதை தொடங்கும்போது அது நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. தன் உடம்பை வருத்தி எதிராளியை மடக்குவது அவர்களுக்குப் பழகிய ஆயுதம். படத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, நானாகச் சேர்த்துப் பார்ப்பதுதான். ஆனால் சேர்த்துப் பார்த்தால் கோல்மின் கோணல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மெக்ஸ்வினி ஒரு சாம்ராஜ்யத்துக்கு எதிராக எடுத்ததை இவன் ஒரு வெள்ளந்தி சேக்காளிக்கு எதிராக எடுக்கிறான்.

சரி, இசைக்காக நட்பை விட்டவன் வாசிக்கிற விரலையே வெட்டுவானா? வெட்டுவது இடது கை விரல்களை. ஃபிடிலில் தந்தியை அழுத்திச் சுரம் பிடிப்பது அந்தக் கைதான். முதலில் ஒன்று, பிறகு, மெட்டை எழுதி முடித்த அதே நாளில், மிச்சம் இருந்த நாலும். இதற்குச் சாவி பாவமன்னிப்புக் காட்சியில் இருக்கிறது. அந்த விரக்தி இப்போது எப்படி இருக்கிறது என்று பாதிரியார் அவனிடம் பழைய நோயை விசாரிப்பதுபோல் கேட்கிறார். இது புதிதில்லை, அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று அங்கே நமக்குப் புலப்படுகிறது. கோல்முக்குள் முன்பே ஒரு இருட்டு இருந்திருக்கிறது. பாத்ரிக்கின் வளவளப்பு அதற்கு அகப்பட்ட சாக்கு. நண்பனை விலக்கினால் இருட்டு விலகும் என்று நம்பினான், விலகவில்லை. அப்புறம் கத்தி தன் பக்கமே திரும்புகிறது. மொஸார்ட்டைப் பார், நல்லவனாக இருந்தான் என்று யாரையாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நினைவில் வைத்திருக்கிறோமா என்று மதுக்கடையில் அவன் பேசும்போது, மொஸார்ட் 18-ஆம் நூற்றாண்டு என்று ஷிவான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவாள். சாகாத புகழ் வேண்டும் என்கிறவனுக்கு அந்தப் புகழ்பெற்றவர்களைப் பற்றியே சரியாகத் தெரியாது.

எங்கே சிரிப்பது என்று கேட்டீர்கள். சின்ன வயதில் ஏதாவது ஒரு கொடையில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அங்கே பெரும்பாலும் பாடுவது அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் தெய்வமான கதை. வில்லடிக்கும் புலவர் கொலையை நோக்கிக் கதையைக் கொண்டுபோவார்; பக்கத்தில் ஆமாம் போடுகிறவர் நடுவில் புகுந்து ஏதாவது கேட்பார், கூட்டம் சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த அடி உடுக்கையில் விழும், அந்த இடத்தில்தான் வெட்டு. சிரித்து இளகின மனசில் அடி இன்னும் ஆழமாக இறங்கும், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். மெக்டொனா செய்வது இதே வேலை. நாடக எழுத்தாளராக இருந்து சினிமாவுக்கு வந்தவர், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று துல்லியமாகத் தெரியும். விட்டைப் பேச்சுக்குச் சிரியுங்கள். கதவில் ஏதோ மோதிய சத்தம் கேட்டு வெளியே போய், விரலைக் கையில் எடுத்து வந்து அண்ணனும் தங்கையும் என்ன செய்வது என்று விழிக்கிற இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அதே விரல்களில் ஒன்று தொண்டையில் சிக்கித்தான் ஜென்னி என்ற அந்தக் குட்டைக் கழுதை சாகிறது. அப்போது முன்பு சிரித்ததெல்லாம் நெஞ்சில் வந்து முட்டும். கழுதையின் சாவு கொஞ்சம் வலிந்து கொண்டுவந்தது என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஃபாரல் அந்தச் சின்ன உடம்பின் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்ததும் அந்தக் குறையைச் சொல்ல வாய் வருவதில்லை.

படத்தில் ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். போலீஸ்காரன் பாத்ரிக்கை ஒரே குத்தில் கீழே தள்ளிவிட்டுப் போகிறான். கோல்ம் வருகிறான். தூக்குகிறான், வண்டியில் ஏற்றுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து தானே கடிவாளத்தைப் பிடிக்கிறான். ஒரு பேச்சு இல்லை. பாத்ரிக் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அடி வலிக்காக அழவில்லை என்று நமக்குத் தெரியும். இவனுக்கு என்மேல் இன்னும் பரிவு இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்கிறான் என்பது அந்த நிமிஷம் அவனுக்கு விளங்குகிறது. பாதை பிரிகிற இடத்தில் கோல்ம் கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கித் தன் வழியே நடக்கிறான். வெறுப்பாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். எங்கள் ஊர் துட்டி வீட்டில் பாடைக்குத் தோள் கொடுத்த மனிதரை நினைத்துக்கொண்டேன். கெட்டது நடந்தால் வந்து நிற்பான், அதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

பாத்ரிக்கை வெறும் பாதிக்கப்பட்டவனாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. டொமினிக் என்று ஒரு பையன் வருகிறானே, போலீஸ்காரனின் மகன், தகப்பனிடம் அடியும் அதற்கு மேலும் படுகிறவன். தீவிலேயே மந்தமானவன் என்று ஊர் ஒதுக்கி வைத்தவன். பாத்ரிக் அவனோடு வேண்டா வெறுப்பாகத்தான் பழகுகிறான். கோல்ம் தன்னை எந்த இடத்தில் வைத்தானோ அதே இடத்தில் இவன் டொமினிக்கை வைத்திருக்கிறான், அது கடைசிவரை அவனுக்கு உறைப்பதில்லை. கோல்மிடம் இசை கற்க வந்த இளைஞனை, உன் அப்பா ரொட்டி வண்டியில் அடிபட்டுவிட்டார் என்று பொய் சொல்லி பாத்ரிக் ஊருக்குத் துரத்துகிறான். அதைப் பெருமையாக டொமினிக்கிடம் சொன்னால், நீ இங்கே இருப்பவர்களிலேயே நல்லவன் என்று நினைத்திருந்தேன், நீயும் அவர்கள் மாதிரிதான் என்று அந்த மந்தப் பையன் எழுந்து போய்விடுகிறான். படத்தில் சரியான தீர்ப்புச் சொல்கிற ஒரே ஆள் அவன்தான். பேரி கியோகன் அந்த வேஷத்துக்கும், கெர்ரி காண்டன் ஷிவானுக்கும் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார்கள். படத்துக்கு ஆஸ்கரில் 9 பரிந்துரை வந்தும் ஒன்றும் கிடைக்காதது எனக்கு இன்னும் ஆற்றாமைதான். டொமினிக் தண்ணீரில் பிணமாகக் கிடக்கிறான். அவனுக்காக நின்று அழுவதற்குப் படமே நேரம் ஒதுக்கவில்லை. அவனுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்திருக்க வேண்டும்.

ஷிவானைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவில் படிக்கிற ஒரே ஆள் அவள். நூலகத்தில் வேலை கிடைத்து அக்கரைக்குப் போகிறாள். நம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன எத்தனையோ பேரின் வீட்டில் இந்தக் காட்சி நடந்திருக்கிறது. போகிறவள் பிழைத்துக்கொள்கிறாள், கூப்பிட்டாலும் வராமல் ஒருவன் மாட்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறான்.

பின்னணியில் கேட்கும் குண்டுச் சத்தம் அயர்லாந்து உள்நாட்டுப் போர். 1921 டிசம்பரில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்பதில், அதுவரை ஒன்றாக நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர்களே இரண்டாகப் பிரிந்து 1922 ஜூன் முதல் 1923 மே வரை ஒருவரையொருவர் சுட்டார்கள். தீவின் போலீஸ்காரன் மரண தண்டனை நிறைவேற்றத்துக்குக் காவலாகப் போகக் கூலியும் சாப்பாடும் கிடைக்கும் என்று சந்தோஷமாகச் சொல்கிறான், யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. கோல்ம் இந்தக் கட்சி, பாத்ரிக் அந்தக் கட்சி என்று பொருத்திப் பார்க்கத் தேவையில்லை. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் எந்த வேகத்தில் வீட்டைக் கொளுத்துகிற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்பதற்கு அந்தக் கரையும் இந்தக் கரையும் சாட்சி. அவ்வளவு போதும்.

கடைசிக் கேள்வி, ராசியானார்களா? இல்லை. பாத்ரிக் சொல்லிவைத்தபடி ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு கோல்ம் வீட்டுக்குத் தீ வைக்கிறான். நாயை மட்டும் வெளியே விட்டுவிடு என்று முன்கூட்டியே சொல்லி, தானே அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். மறுநாள் கடற்கரையில், என் வீடு போனதோடு கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கோல்ம் கேட்கிறான். நீ உள்ளேயே இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் என்கிறான் பாத்ரிக். முதல் நாள் வாசலில் அசடாக நின்ற அந்த மனிதன் வாயிலிருந்து இந்த வார்த்தை வருகிறது. கோல்ம் இழந்தது ஐந்து விரல். பாத்ரிக் இழந்தது தன்னிடம் இருந்த ஒரே சொத்து, அவனுடைய நல்ல மனசு. சில விஷயங்களை மறந்துவிட்டு மேலே போக முடியாது, அது நல்லதுதான் என்று அவன் சொல்லும்போது உண்மையாகவே அதை நம்புகிறான். பிரிகிற நேரத்தில் கோல்ம், என் நாயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்கிறான். எப்போது வேண்டுமானாலும் என்று பதில் வருகிறது.

அந்தக் கடைசி இரண்டு வரியைச் சமாதானம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பேப்பரைக் கடைக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிற மரியாதை அது. இனி அந்த ஒரே கடையில் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் உட்காருவார்கள், ஒருவர் செத்தால் மற்றவர் தோள் கொடுக்க வருவார். எங்கள் ஊரில் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்த மாதிரி இவர்களை யாராலும் சேர்த்துவைக்க முடியாது. முதல் நாளிலிருந்தே பேசித் தீர்க்க அங்கே எதுவும் இருக்கவில்லை.